பசு வந்துச்சே, ஏன் எடுக்கலை?

போன வாரம் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். "ஏற்கெனவே பிள்ளைங்க ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஃபோன்ல கேம் ஆடிட்டுக் கண்ணு செவந்து வருதுங்க. நீங்க வேற லேப்ல உக்கார வச்சு கேம் சொல்லித் தர்றீங்களாமே டீச்சர்?"

"ஆடச் சொல்லித் தரலை சார், செய்யச் சொல்லித் தர்றேன்" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மணி அடித்துவிட்டது. அந்தப் பேச்சை இங்கே தொடர்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் கேம் ஆடுகிறவள் இல்லை. பழைய நோக்கியா ஃபோனில் தன் வாலைத் தானே கடித்துச் சாகும் பாம்போடு என் விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது. பையன்கள் துப்பாக்கி, கவசம், ஹெட்ஷாட் என்று பேசிக்கொள்வதில் பாதி எனக்குப் புரியாது. விளையாட்டென்றால் பிள்ளைகளுக்கு ஆசை வரும், ஆசை வந்தால் படிப்பு தானாக வரும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. ஆசை இரண்டு சனிக்கிழமைக்குத் தாங்கும். மூன்றாவது சனிக்கிழமை பாதிப் பேர் வர மாட்டார்கள். எனக்கு விளையாட்டு வேண்டியிருந்ததற்குக் காரணம் வேறு.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இப்போது பைத்தான். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ். செய்முறைத் தேர்வுக்கு வரும் நிரல்களை எங்கள் பிள்ளைகள் எப்படித் தயார் செய்கிறார்கள் தெரியுமா? திருக்குறள் மாதிரி மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சொல்வார்கள், அடைப்புக்குறி உட்பட. நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி "இது எதுக்கும்மா?" என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அந்த வரிக்கு வந்து நிற்பார்கள். குறை அவர்களுடையது மட்டுமில்லை. ஐந்து மாணவர்களின் மதிப்பெண் சராசரியைக் கண்டுபிடிக்கும் நிரலில் 63.2 வர வேண்டிய இடத்தில் 61.2 வந்தால் யாருக்குத் தெரியும்? ஏதோ ஓர் எண் வந்துவிட்டது, சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி இல்லை, ரெக்கார்டு நோட்டில் எழுதியாச்சு.

ஒரு பந்தைச் சுவரில் மோதித் திரும்பச் சொல்லிப் பாருங்கள். அது தப்பாகத் திரும்பினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்: நான் வாய் திறப்பதற்கு முன்பே தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் நிரல்.

எங்கள் லேபில் வேலை செய்யும் கணினிகள் பதினான்கு. சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. இணையம் வரும், போகும். பைத்தானில் ஆட்டம் செய்ய உதவும் பைகேமை நிறுவ முயன்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. விட்டுவிட்டேன். பைத்தானோடு கூடவே டர்ட்டில் என்று ஒரு பகுதி வருகிறது. அதற்கு இணையமும் வேண்டாம், யாரையும் கெஞ்சவும் வேண்டாம். திரையில் ஓர் ஆமை. நூறு அடி போ, தொண்ணூறு டிகிரி திரும்பு என்றால் கோடு போட்டுக்கொண்டே போகும். இந்த ஆமைக்கு வயது அதிகம். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபாயர்சைக் எல்லாம் சேர்ந்து குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழிக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அப்போது அது தரையில் ஊர்ந்து போகிற நிஜப் பொம்மை ரோபோ. பிறகுதான் திரைக்குள் போனது. பேப்பர்ட் அடிப்படையில் கணித ஆள். பிள்ளை தன் உடம்பையே ஆமையாக நினைத்துக்கொண்டு யோசிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் லேபிலும் அது நடக்கிறது. வலது பக்கம் திரும்ப எத்தனை டிகிரி என்று குழம்பினால் எழுந்து நின்று தானே திரும்பிப் பார்க்கிறார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் இடம் போதாமல் முட்டிக்கொள்வார்கள்.

பந்து விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பையன், பெயர் வேண்டாம், ரெக்கார்டு நோட்டு என்றால் வயிற்றுவலி வரும் ரகம், பந்து எழுதினான். திரையின் வலது ஓரம் 300. பந்தின் இடம் 300-ஐத் தாண்டினால் வேகத்தின் குறியை மாற்று, அதாவது கூட்டலைக் கழித்தலாக்கு. சரியாகத் திரும்பியது. அதோடு விட்டிருக்கலாம். மோதினால் வேகம் பாதியாகக் குறையட்டும், நிஜப் பந்து அப்படித்தானே என்று அவனே ஒரு வரி சேர்த்தான். பந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. குளிர் காய்ச்சல் வந்தமாதிரி. லேபே சிரித்தது. பக்கத்துப் பையன், "ஏல, உன் பந்துக்கு டெங்குடா" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் மட்டும் கொடுத்தேன். ஒவ்வோர் அடியையும் எழுது. 298-ல் இருக்கிறது, வேகம் 10. அடுத்து 308. தாண்டிவிட்டது, ஆகவே வேகம் கழித்தல் 5. அடுத்து 303. அங்கே அவன் பென்சில் நின்றது. "டீச்சர், இது இன்னும் முன்னூறுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு." ஆமாம். அப்படியானால்? "மறுபடி திருப்பி விட்டுரும். வெளியே பார்த்து. கூட்டல் ரெண்டரை." 305.5. மறுபடி திரும்பும், கழித்தல் 1.25. 304.25. பந்து சுவருக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது.

அவன் கண்டுபிடித்த தீர்வு: "தாண்டுனா முதல்ல காதைப் பிடிச்சு இழுத்து 300-ல உக்கார வச்சுட்டு, அப்புறம் திருப்பி விடணும்." நான் சொல்லியிருந்தால் இன்னும் முறையாகச் சொல்லியிருப்பேன், ஆனால் அவன் இப்போதும் இதை மறக்கவில்லை. நிரலை ஒவ்வொரு வரியாகத் தாளில் ஓட்டிப் பார்ப்பதைப் பாடப்புத்தகமும் சொல்லத்தான் சொல்கிறது. பந்து நடுங்காத வரைக்கும் அதற்குத் தேவை வரவில்லை.

இதே மாதிரி இன்னொன்று. ஒருத்தி மேலிருந்து விழும் பழத்தைக் கூடையில் பிடிக்கும் ஆட்டம் எழுதினாள். பழம் விழுகிறது, கூடை நகர்கிறது, பிடித்தால் மதிப்பெண் ஏற வேண்டும். ஏறவில்லை, பிழைதான் வந்தது. செயற்கூறுக்கு வெளியே இருக்கும் மாறியை உள்ளேயிருந்து மாற்ற வேண்டுமென்றால் குளோபல் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இது ‘வரையெல்லை’ பாடம். அதை நான் வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். என் பத்து வருஷ நடத்தலைவிட அவளுடைய ஏறாத ஸ்கோர் அதைத் தெளிவாக நடத்தியது. கொஞ்சம் பொறாமைதான்.

துப்பாக்கி ஆசை உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். செய்தார்கள். விண்கலம், குண்டு, எதிரி. ஒருவனுடைய ஆட்டம் ஆரம்பத்தில் பறந்தது, இரண்டு நிமிஷத்தில் மாட்டுவண்டி ஆகிவிட்டது. கணினி பழசு என்று திட்டினான். பழசுதான், ஆனால் காரணம் அது இல்லை. சுட்ட குண்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறான். திரையைத் தாண்டிப் போனவற்றை எடுக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான குண்டுகளை ஆமை இன்னும் பொறுப்பாக நகர்த்திக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதை சொன்னேன். 1978-ல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாதோ செய்த ஆட்டம். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். அது அவர் முதலில் திட்டமிட்டதல்ல. வரைய வேண்டியவை குறைந்ததும் அந்தக் காலத்துச் சின்னச் சில்லு நிம்மதியாக மூச்சு விட்டு வேகமாக ஓடியது, அவர் அது நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார். "அவருக்குச் செத்தா வேகம், எனக்குச் சுட்டா ஸ்லோ" என்றான் பையன். நெறிமுறையின் வேலைச்சுமை உள்ளீட்டின் அளவைப் பொறுத்து எப்படி ஏறுகிறது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை என்னிடம் இல்லை.

இதெல்லாம் எழுதினாலும் என் மனசுக்குப் பிடித்தது பல்லாங்குழிதான்.

அது என் யோசனை இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பெண்ணொருத்தி, துப்பாக்கியும் பிடிக்காது, பழம் பிடிக்கிறதும் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். உனக்கு என்ன விளையாடத் தெரியும் என்று கேட்டேன். பாட்டியோடு பல்லாங்குழி என்றாள், வெட்கப்பட்டுக்கொண்டு. பையன்கள் சிரித்தார்கள். நான் கரும்பலகையில் பதினான்கு வட்டம் போட்டேன்.

பைத்தானில் ஒரு பட்டியல், பதினான்கு இடம், ஒவ்வொன்றிலும் 5. முதல் குழிக்கு எண் 0, கடைசிக்கு 13. (பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவள் குழி, கை, பசு என்றே வைத்தாள். ஆங்கிலத்தில் வைக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.) ஒரு குழியில் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 13 வரைக்கும் ஒழுங்காகப் போனது. 14 என்ற எண்ணுக்குப் போனதும் அப்படி ஓர் இடமே இல்லை என்று பைத்தான் கோபித்துக்கொண்டது. பலகையில் சுற்றி வருகிறதே, இங்கே ஏன் முட்டுகிறது? மீதி காணும் குறியை, அதுதான் அந்த % குறி, அன்றைக்கு எடுத்தேன். 14-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். (குழி + 1) % 14. நீளமாக இருந்த பட்டியல் வட்டமாகிவிட்டது. "இதுக்கா இதைக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். இதுக்கும்தான் என்றேன்.

அப்புறம் விதிகளில் சண்டை. கையிலிருந்தது தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை எல்லாருக்கும் ஒப்புதல். எடுத்ததும் கை மாறுமா, அல்லது அவரே ஆட்டத்தைத் தொடரலாமா? அவள் வீட்டில் கை மாறும். எங்கள் வீட்டில் தொடர்வோம். மூன்றாவதாக ஒருத்தி அவள் அம்மாயி ஊரில் எப்போதும் ஆறு புளியங்கொட்டைதான் போடுவோம், ஐந்தெல்லாம் ஆட்டமா என்றாள். அரை மணி நேரம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. பெரிய நிறுவனங்களில் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்வதும் இதுதான் என்று அவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் கேட்கிற நிலையில் இல்லை. கடைசியில் யார் தட்டச்சு செய்கிறாளோ அவள் வீட்டு விதி என்று முடிவானது.

பசு தெரியும்தானே? காலியான குழி மெல்ல நிரம்பி நான்கு முத்து சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம். அவள் அதையும் எழுதினாள். அக்காவுக்கு எப்போதோ கிடைத்த அரசு மடிக்கணினியில் நிரலைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் ஓடி வந்தாள். "டீச்சர், பாட்டி திட்டுது. பசு வந்துச்சே, ஏன் எடுக்கலைன்னு."

பாட்டி சொன்னது சரி. சில சமயம் பசு எடுக்கப்படுகிறது, சில சமயம் இல்லை. இந்தச் ‘சில சமயம்’ பிழைகள்தான் உலகத்திலேயே மோசமானவை. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பசுவைச் சோதிக்கும் இஃப் வரி மடக்குக்கு வெளியே இருந்தது. பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதை இடது ஓரத்தில் விடும் இடம்தான் தீர்மானிக்கிறது. அவள் அந்த வரியை நான்கு இடைவெளி இடப்பக்கம் தள்ளி எழுதிவிட்டாள். ஆகவே ஒவ்வொரு முத்தைப் போட்டதும் சோதிக்காமல், எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசிக் குழியை மட்டும் சோதித்தது. வழியில் வந்த பசுக்களெல்லாம் கவனிப்பாரற்றுப் போயின. நான்கு தடவை இடைவெளிப் பொத்தானைத் தட்டினாள். சரியாயிற்று. எழுபது வயதைத் தாண்டிய, பள்ளிக்கூடமே போகாத அந்தப் பாட்டிதான் எங்கள் லேபின் முதல் சோதனையாளர்.

இன்னும் இருக்கிறது. எந்தக் குழியில் ஆரம்பித்தால் முதல் ஆட்டத்தில் நிறையக் கிடைக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை. ஏழு குழியையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். ஏழு, ஏழு, ஏழு. எல்லாவற்றுக்கும் ஏழு முத்து. நிரல் கெட்டுவிட்டது என்று முகம் வாடியது. நானும் அப்படித்தான் நினைத்தேன், இதை ஒப்புக்கொள்கிறேன். தாளில் ஓட்டிப் பார்த்தோம். 0-ல் அள்ளினால் 5 வரைக்கும் போடுகிறோம், அடுத்து 6, அடுத்து 12, சுற்றி வந்து 4, பிறகு 11, கடைசியாக 4 காலி, துடைத்து 5-ல் இருக்கும் ஏழு. சரிதான். அப்புறம்தான் உறைத்தது. எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கை, பலகையோ வட்டம். எங்கே ஆரம்பித்தால் என்ன, வட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரே ஆட்டம்தானே? ஆறு ஆறாகப் போட்டுப் பார்த்தாள், அம்மாயி ஊர் கணக்கு. அதற்கும் ஏழு.

இரண்டு பேருக்கும் சந்தோஷம். பாட்டியிடம் போய்ச் சொல் என்றேன். மறுநாள் வந்து சொன்னாள்: "மொதக் கையி ஏழுதான் வரும், இதுக்கா ரெண்டு பேரும் கம்ப்யூட்டரைப் போட்டீங்கன்னு கேக்குது."

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வில் இதற்கு நேரடியாக ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. நடுங்கும் பந்தை நேராக்கியவன் ‘மடக்கு என்றால் என்ன? வகைகளை விளக்குக’ என்ற கேள்விக்குப் பாதிப் பக்கம்தான் எழுதினான். படம் தேடுவதில் காலம் போகிறது. விண்கலத்துக்கு எந்த நிறம் என்று ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்தவர்கள் உண்டு. அதனால் முதல் மாதம் வட்டமும் சதுரமும் மட்டும்தான், படம் கிடையாது என்று சட்டம் போட்டேன். ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் பையன் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்வான், பெண் நோட்டில் எழுதுவாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேலால் மேஜையைத் தட்டுகிறேன், இடம் மாற வேண்டும். ஃபோனில் ஆடுகிற ஆட்டம் மாதிரியே பெரிதாகச் செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள்தான் முதலில் நின்றுபோகிறார்கள். அந்த ஆட்டத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வரலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் இருக்கிறது, எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-ல் வெளியிட்டது. கட்டைகளை இழுத்து ஒட்டினால் பூனை நடக்கும். நல்ல சாமான். அரைப்புள்ளி விட்டுப்போய் அழுகிற பிரச்சினை இல்லை. ஆனால் கடைசிப் பாடம் என்பதால் அதற்கு வரும்போது திருப்புதல் தேர்வு வந்துவிடும். அவர்களுக்கு இடம் கொடுக்கலாம் என்றால் கணினி பதினான்குதான்.

இப்போது ஆடு புலி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. லேபின் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைந்து, புள்ளிகளுக்கு எண் போட்டு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போகலாம் என்று பட்டியல் தயாரித்தார்கள். நிரல் ஓடியது. ஆனால் புலி கோடு வளைகிற இடத்திலும் ஆட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. "டீச்சர், புலி வளைஞ்சு தாவுது!" பக்கத்துப் புள்ளி எது என்று மட்டும் சொன்னால் போதாது, நேர்கோடு எது என்பது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. எங்கிருந்து, எதைத் தாண்டி, எங்கே என்று மூன்று மூன்றாகத் தனியாக எழுதியாக வேண்டும். ஐந்து பேர் தரையில் மண்டியிட்டு விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் பாதியில் கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. தரைக்குக் கரண்ட் வேண்டாமே.

கூட்டுகிற அக்காவிடம் திங்கட்கிழமை வரைக்கும் லேபைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.